பிரேக் ஆயில் எங்கே போகிறது?

கேள்வி: எங்களிடம் 2009 மாடல் பிக்கப் இருக்கிறது, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். குளச்சலில் மீன் ஏற்றி மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று ஓடுகிறது. முதல் மிதியில் பெடல் பாதிக்குக் கீழே போகிறது, இரண்டு மூன்று முறை பம்ப் பண்ணினால்தான் பிடிக்கிறது. வாரம் ஒரு விரல்கடை ஆயில் குறைகிறது, தரையில் சொட்டு கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளுவது) மாற்றி, பைப்பில் புகுந்த ஏர் எடுத்தும் பத்து நாளில் பழையபடிதான். இப்போது பூஸ்டரை (மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுப்பது) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா சார்?
- வாசகர், குளச்சல்

பதில்: வேண்டாம் தம்பி. பூஸ்டர் போனால் பெடல் கல்லு மாதிரி இறுகும், இப்படி இறங்காது. இன்ஜினை அணைத்து நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள், பெடல் கொஞ்சம் கீழே போனால் பூஸ்டர் வேலை செய்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள்ளே போய்விடும், வெளியே தெரியாது. புதுசுதான் என்றாலும் நட்டைத் தளர்த்தி, பைப் வளையாமல் லேசாக முன்னுக்கு இழுத்துப் பின்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள்.

எனக்குச் சந்தேகம் பின்சக்கரத்தின் மேல்தான். மீன் வண்டியில் ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் நாள் முழுக்க பின் ஆக்ஸில் மேலேதானே விழுகிறது! டிரம்மைக் கழற்றி, லைனிங்கை (டிரம்மில் உரசும் பட்டை) விரித்துத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கசிவு அங்கேதான், அந்த ஆயிலை லைனிங்கும் தூசியும் குடித்துவிட்டு கருப்புக் களிம்பாக நிற்கும், அதனால்தான் தரையில் சொட்டவில்லை. சிலிண்டருக்குள் துருக்குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் போட்டுப் பயனில்லை, முழு சிலிண்டரையே மாற்றுங்கள். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடவே கூடாது, இரண்டு பக்கமும் சேர்த்துப் புதுசு போடுங்கள்.

அப்படியே ஆக்ஸில் மேல் ஓடும் இரும்பு பைப்பையும் பாருங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் உப்புச் சேறு தங்கும். கிளிப்பைக் கழற்றி கம்பி பிரஷால் தேய்க்கும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தப் பைப் ஒருநாள் அழுத்தி மிதிக்கும்போது வெடிக்கும். அவசரத்துக்கு அந்தச் சக்கரத்தின் பைப்பை மடக்கி அடைத்துவிட்டு ஓட்டுகிற பழக்கம் சிலரிடம் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

முடித்ததும் லைனிங்கை அட்ஜஸ்ட் பண்ணி, இடது பின்சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரம்தான் முதலில். ஆக்ஸில் மேல் லோடு வால்வு (லோடுக்கு ஏற்ப பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) இருந்தால் ஜாக்கியில் சக்கரத்தைத் தொங்கவிட்டு எடுக்காதீர்கள், வால்வு வழியை மறித்துவிடும். பிரேக் ஆயில் டாங்க் மூடியில் எழுதிப் போட்டிருக்கிற ஆயிலையே ஊற்றுங்கள், அது ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றியாக வேண்டும். அப்புறம், லோடு இறக்கினதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள். இதெல்லாம் முடியும்வரை லோடு ஏற்ற வேண்டாம்.

கேள்வி: பேச்சிப்பாறையிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி இறங்கும்போது தீய்ந்த வாசனை வருகிறது, பிரேக்கும் நிற்க மாட்டேன் என்கிறது. ஆறினால் சரியாகிவிடுகிறது.
- வாசகர், குலசேகரம்

பதில்: பிரேக் காய்கிறது. இறக்கத்தில் நியூட்ரல் போடாமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள். அதன்பிறகும் ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்து பிரேக் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டன் இறுகியிருக்கலாம், கழற்றிப் பார்த்துவிடுங்கள்.