பாட்டு வரும், தியரி வராது என்கிற மகளுக்கு

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த மகள் இசைக் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறாள், வர்ணம் என்ற பயிற்சிப் பாட்டை இரண்டு வேகத்திலும் பிசகாமல் பாடுகிறாள், தியரி புத்தகத்தைத் திறந்தால் மட்டும் கொட்டாவி விடுகிறாள், இவளை நம்பிச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் தியரியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கச்சேரி வருமானத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குச் சோறு போடுவது பள்ளி இசையாசிரியர் வேலை, கல்லூரி விரிவுரையாளர் பணி, வீட்டிலோ இணையத்திலோ நடத்தும் வகுப்பு. விரிவுரையாளர் பணிக்கான நெட் தேர்வில் யாரும் பாடச் சொல்வதில்லை, கேள்விகளுக்கு விடையளிக்கத்தான் சொல்வார்கள்.

கொட்டாவிக்குக் காரணம் மனப்பாடம். கனகாங்கியில் தொடங்கி, தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களையும் ஒப்பிக்கச் சொன்னால் எனக்கும் தூக்கம்தான் வரும். அதையே கணக்காகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு சுரங்களில் ஸ, ப இரண்டும் மாறாதவை. ரிஷபமும் (ரி) காந்தாரமும் (க) சேரும் வகை 6, தைவதமும் (த) நிஷாதமும் (நி) சேரும் வகை 6, பெருக்கினால் 36. மத்தியமம் (ம) இரண்டு வகை: சுத்த மத்தியமத்தோடு 36, பிரதி மத்தியமத்தோடு 36. அவ்வளவுதான் 72.

மேளப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் திருப்பிப் போட்டு மேள எண்ணைக் காணும் கடபயாதி முறை இதைவிடச் சுவையானது. மேசகல்யாணியில் ம 5, ச 6. 56ஐத் திருப்பினால் 65ஆவது மேளம். மாயாமாளவகௌளையில் ம 5, ய 1, திருப்பினால் 15. தமிழில் எழுதிப் படிக்கும் பிள்ளைகள் இடறுவது தீரசங்கராபரணத்தில். வடமொழியின் நான்கு தகரங்களுக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. இங்கே வருவது நான்காவது தகரம், அதற்கு 9; ர 2; 92ஐத் திருப்பினால் 29. இதை ஆசிரியரிடம் ஒரு முறை கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

வரலாற்றில் ஆண்டுகளைவிடக் காரணங்கள் முக்கியம். கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள் என்பது ஒரு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். தியாகராஜர் கரகரப்பிரியாவில் அத்தனை கீர்த்தனைகள் தந்திருக்க, தீட்சிதர் ஏன் அந்த ராகத்தைத் தொடவில்லை? இசை நூலாசிரியர் வேங்கடமகி வழிவந்த, ஏழு சுரங்களும் வரிசையாக வராத ராகங்களையும் ஏற்கும் அசம்பூர்ண மேளப் பட்டியலைப் பின்பற்றியவர் தீட்சிதர். அதில் 22ஆவது இடம் ஸ்ரீராகத்துக்கு. ஏழு சுரங்களும் வரிசையாக ஏறி இறங்கும் சம்பூர்ணப் பட்டியலில் அதே இடம் கரகரப்பிரியாவுக்கு. இந்த ஒரு விடையில் தியரியும் வரலாறும் சேர்ந்தே வந்துவிடுகின்றன பாருங்கள்.

இன்னொன்று. தமிழிசைப் பகுதியைப் பல மாணவர்கள் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடுகிறார்கள். எனக்கு அது புரிவதே இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, குரல் முதல் தாரம் வரையிலான ஏழு சுரப் பெயர்கள், மும்மூர்த்திகளுக்கு முந்திய முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, 1917இல் ஆபிரகாம் பண்டிதர் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்ற இசை நூல் எல்லாம் அங்கேதான் வருகின்றன. தமிழை ஆசையாகப் படித்த பெண்ணுக்கு இது எளிய பகுதி.

சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. எங்கே விண்ணப்பித்தாலும், கிடைக்கப்போவது பட்டமா பட்டயமா என்று முதலில் கேளுங்கள். விரிவுரையாளர் பணிக்கு முதுகலை வேண்டும். அதற்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். இதைக் கேட்காமல் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்லுங்கள். பாடத் தெரிந்த ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம்: ராகம், தாய் மேளம், ஆரோகணம் (சுரங்கள் ஏறும் வரிசை), அவரோகணம் (இறங்கும் வரிசை), தாளம், இயற்றியவர். மோகனத்தில் வர்ணம் பாடுகிறாள் என்றால், அது 28ஆவது மேளமான அரிகாம்போதியின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), மத்தியமமும் நிஷாதமும் வராது என்று எழுத வேண்டும். தினம் ஒரு பாட்டு, அவள் கைப்பட. பாவம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.