ஊர் முழுக்க எச்.ஐ.வி. பரிசோதனை முகாம் போடலாமா?

நாமக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியாக இருக்கும் சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் பாதி ஆண்கள் லாரிக்குப் போகிறவர்கள். இரண்டு மாதம் முன்பு ஒருவர் உடம்பு மெலிந்து இறந்துபோனார். எச்.ஐ.வி. என்று பேசிக்கொள்கிறார்கள். ஊர் முழுக்க ரத்தப் பரிசோதனை முகாம் போட்டு யார் யாருக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவர்களைக் காப்பாற்றலாம் இல்லையா? இறந்தவரின் மனைவி எங்கள் குழுவில்தான் இருக்கிறார். அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த அம்மா குழுவிலேயே இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்தால், அவர் சமைத்ததைச் சாப்பிட்டால், ஒரே கழிப்பறைக்குப் போனால், கொசு கடித்தால் எச்.ஐ.வி. வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, தாயிடமிருந்து குழந்தைக்கு, இவ்வளவுதான் அது வரும் வழி. அதோடு, அவர் கணவர் எதனால் இறந்தார் என்று உங்களில் யாருக்குமே உறுதியாகத் தெரியாது. காசநோயிலும் உடம்பு மெலியும், கட்டுப்படாத சர்க்கரையிலும் மெலியும். ஊர்ப் பேச்சை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் சேமிப்பையும் கடனையும் நிறுத்திவிடாதீர்கள், அவருக்கு இப்போது அதுதான் பிடிமானம்.

சரி, முகாமுக்கு வருவோம். போடலாம், போடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் "யார் யாருக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முகாம் முடிந்து போகும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவு தெரிந்திருக்க வேண்டும், அடுத்தவர் முடிவு தெரிந்திருக்கக் கூடாது. இது உங்களுக்கும் சேர்த்துத்தான், பஞ்சாயத்துத் தலைவருக்கும் சேர்த்துத்தான். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. ஒருவருக்கு விளக்கிச் சொல்லி அவர் சம்மதம் வாங்காமல் இந்தப் பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையிலோ பள்ளியிலோ வாடகை வீட்டிலோ ஒதுக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்று தண்டோரா போடுவது, வராதவர்களைப் பற்றிப் பேசுவது, இதெல்லாம் கூடவே கூடாது.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பல வருஷம் முன்பு நான் ஆலோசகராக உட்கார்ந்திருந்த ஒரு கிராம முகாமில் நடந்தது இன்னும் மனசில் இருக்கிறது. கூட்டம் அதிகம், நேரம் போதவில்லை, அதனால் தொற்று இல்லாதவர்களுக்கு மேசையிலேயே சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினோம். இரண்டு பேரிடம் மட்டும் "கொஞ்சம் உட்காருங்க, உள்ளே மேடம் பேசணும்" என்று சொன்னோம். அவ்வளவுதான், யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஆலமரத்தடியில் நின்ற நாற்பது பேருக்கும் புரிந்துவிட்டது. அதில் ஒருவருக்கு அடுத்த நாள் முழுப் பரிசோதனையில் தொற்றே இல்லை என்று வந்தது. ஊரில் அதை யார் நம்பினார்கள்? அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது பரிசோதனைக்கு ஒருவரும் வரவில்லை. அதிலிருந்து எந்த முகாமாக இருந்தாலும் ஒரே விதிதான்: வந்தவர் எல்லோரும், இருக்கிறதோ இல்லையோ, அதே திரைக்குப் பின்னால், அதே நாற்காலியில், ஏறக்குறைய அதே நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும்.

முகாமை நீங்களாக ஒரு தனியார் லேப்பைப் பிடித்து நடத்த வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று ஒரு அறை இருக்கும், வாசலில் சிவப்பு ரிப்பன் படம் போட்டிருப்பார்கள். அங்கே ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். அங்கே இருக்கும் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு அலகில் ஒரு மனு கொடுங்கள். கிராமங்களுக்குப் போக நடமாடும் நம்பிக்கை மைய வண்டியும் உண்டு. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, நோட்டீஸில் "எச்.ஐ.வி. முகாம்" என்று பெரிதாகப் போடாதீர்கள், போட்டால் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தே ஊர் கதை கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் பரிசோதனைகளோடு இதுவும் ஒன்றாக, பொது மருத்துவ முகாமாகப் போடுங்கள். அதற்காக, சர்க்கரைக்கு என்று எடுத்த ரத்தத்தில் சொல்லாமல் இதைப் பார்க்கக் கூடாது. உள்ளே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு, சரி என்று சொன்னால் மட்டும் பார்ப்பார்கள்.

முகாமில் நடப்பது முதல்கட்டச் சோதனைதான். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அதைச் சின்னப் பிளாஸ்டிக் பட்டையில் விட்டு, கூடவே ஒரு திரவத்தையும் விட்டு, கால் மணி நேரம் போல வைத்திருப்பார்கள். ஒரு கோடு விழுந்தாக வேண்டும், அது பட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கான கோடு. அதுவே விழவில்லை என்றால் அந்தப் பட்டை செல்லாது, வேறு எடுத்துப் போட வேண்டும். இரண்டாவது கோடும் விழுந்தால் "ரியாக்டிவ்" என்பார்கள். ரியாக்டிவ் என்றால் தொற்று உறுதி என்று அர்த்தம் இல்லை, தயவுசெய்து இதை உங்கள் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய 500 பேருக்கு ஒருவருக்குத்தான் தொற்று. ஒரு பேச்சுக்கு 1,000 பேரைச் சோதித்தால் 2 பேருக்கு இருக்கலாம். தொற்று இல்லாத 1,000 பேரில் 995 பேருக்குச் சரியாக "இல்லை" என்று சொல்லும் நல்ல கிட் என்றே வைத்துக்கொண்டாலும், மீதி 5 பேருக்குத் தவறாக இரண்டாவது கோடு விழும். ஆக, இரண்டாவது கோடு விழுந்த 7 பேரில் 5 பேருக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் நம்பிக்கை மையத்தில் மறுபடி ரத்தம் எடுத்து, மூன்று வேறு வேறு கிட்டில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி செய்கிறார்கள். முகாமில் இரண்டாவது கோடு விழுந்தவரைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பிவிடாமல் ஆலோசகர் கூடவே போவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்துவிட்டவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது கோடு விழாதவர்களுக்கும் ஒரு விஷயம் உண்டு. தொற்று ஏற்பட்டதும் சோதனையில் தெரிந்துவிடாது. உடம்பு அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட. போன மாதம் ஒரு தொடர்பு இருந்தது, இன்று இல்லை என்று வந்துவிட்டது, கவலை விட்டது என்று போய்விடக் கூடாது. அந்தத் தொடர்பிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம்.

அப்புறம் தேதி. நீங்கள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால் வருவது பெண்களும் பெரியவர்களும்தான். லாரிக்காரர்கள் அன்று எந்த ஹைவேயில் இருப்பார்களோ! ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துப் பூஜை போட ஊருக்கு வருவார்களே, அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் வையுங்கள், இல்லையென்றால் பொங்கலை ஒட்டி. ஒரு காலத்தில் நாமக்கல் பக்கம் இந்த நோய் எத்தனை லாரிக்காரர் குடும்பங்களைச் சாய்த்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முகாம் லாரிக்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடவும் கூடாது. இப்போது பல ஊர்களில் இளம் பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள், நாலு பேருக்கு ஒரே சிரிஞ்சு. அதில் எச்.ஐ.வி.யும் பரவும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும். உங்கள் ஊரில் அது இருந்தால் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டாமல், சோதனைக்கு வரவைக்கப் பாருங்கள்.

தடுப்பு என்றால் ஆணுறை என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, மாத்திரையே ஒரு தடுப்பு என்பது. 2017லிருந்து, தொற்று உறுதியானவுடன் சி.டி.4 எனும் நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் கூட்டு மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள், இந்த மருந்தைக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம், பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. கர்ப்பிணிக்கும் அப்படித்தான்: மருந்தே இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று போகலாம், தாயும் குழந்தையும் மருந்து எடுத்தால் அது 5க்கும் கீழே வந்துவிடும். நீங்கள் மற்றவர்களைக் காப்பாற்றலாமே என்று கேட்டீர்கள் இல்லையா, தொற்று உள்ளவரைப் பயப்படாமல் சிகிச்சைக்குப் போகவைப்பதுதான் அதற்கு வழி. பயந்தவர் மருந்துக்குப் போகமாட்டார்.

இன்னொரு அவசர விஷயம். ஆணுறை கிழிந்துவிட்டது, பாலியல் வன்முறை நடந்துவிட்டது, யாரோ போட்ட ஊசி குத்திவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும், முடிந்தால் சில மணி நேரத்துக்குள். 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து தேவையா என்று அங்கே மருத்துவர் பார்த்துச் சொல்வார். நாலாவது நாள் போனால் அந்த மருந்தால் பிரயோஜனம் இல்லை.

அந்த அம்மாவைப் பரிசோதனைக்கு வரச் சொல்லி நீங்கள் வற்புறுத்த வேண்டாம். குழுக் கூட்டத்தில் நம்பிக்கை மையத்தைப் பற்றி எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள், பெயர் சொல்லாமலே போனில் விசாரிக்கலாம் என்று 1097 இலவச எண்ணையும் கொடுங்கள். அவராக வந்து கேட்டால், முகாம் வரை காத்திருக்கச் சொல்லாமல் மறுநாளே கூடப் போங்கள், ஊர்க்காரர்கள் வரும் மருத்துவமனை வேண்டாம் என்றால் பக்கத்துத் தாலுகாவில் இருப்பதற்குப் போங்கள். பரிசோதனையில் அவருக்குத் தொற்று உறுதியானால் பிள்ளைகளுக்கும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஓடி ஆடி விளையாடிக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே தொற்று இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே மருந்து தொடங்கினோம். இப்போது அந்தப் பிள்ளை காலேஜில் படிக்கிறது.