முதலூரிலிருந்து ஆரம்பியுங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரன். இப்போது இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சர்ச் ஆஃப் இங்கிலாந்து கோயிலுக்குப் போகிறேன். முப்பது பேர் வந்தாலே அன்று கூட்டம் என்று அர்த்தம். எல்லாரும் என் ஆச்சி வயதுக்காரர்கள். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பாட்டி, “உங்கள் குடும்பத்தை இயேசுவிடம் கொண்டுவந்த மிஷனரி யார்?” என்று கேட்டார். மெஞ்ஞானபுரம் தாமஸ் ஐயர் என்றேன் (எங்கள் பக்கத்தில் மிஷனரியையும் போதகரையும் ஐயர் என்போம்). “எங்கள் ஊர்க்காரர்!” என்று அவருக்கு ஒரே பெருமை. அடுத்த மாதம் உலகச் சபைகளுக்கான ஞாயிறாம். மிஷனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி போதகர் என்னிடம் சொல்லிவிட்டார்.

இதைக் கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். “வெள்ளைக்காரன் பால் பவுடர் கொடுத்தான், உங்க தாத்தா போனார், இதில் பேச என்ன இருக்கு?” என்று ஒருவன் எழுதிவிட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

என்ன பேசலாம்? சி.எஸ்.ஐ.யின், அதாவது தென்னிந்தியத் திருச்சபையின், முதல் பேராயரான அசரியாவைப் பற்றிப் பேசலாமா? இன்னொரு கேள்வி. இங்கே கோயில்கள் காலியாகக் கிடக்கின்றன. நாம் இவர்களுக்குத் திருப்பி மிஷனரி அனுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டதா?

பெயர் வேண்டாம் அண்ணாச்சி.

*

அன்புள்ள தம்பி,

அந்தப் பாட்டியிடம் முதலில் பக்குவமாக ஒன்றைச் சொல்லிவிடுங்கள். ஜான் தாமஸ் வேல்ஸ் நாட்டுக்காரர். கால்டுவெல் ஐயர் அயர்லாந்தில் பிறந்த ஸ்காட்லாந்துக் குடும்பம். சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்திய ஜி.யு. போப் பிறந்தது இன்றைய கனடாவைச் சேர்ந்த ஒரு தீவில். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாள் அயர்லாந்து. ரேனியஸ் ஐயர் பிரஷ்யாக்காரர், அதிலும் லுத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழிச் சபைக்காரர். நாசரேத் மர்காசிஸ் ஐயர் மாதிரி ஆங்கிலேயர்களும் உண்டுதான். ஆனாலும் திருநெல்வேலிச் சீமையில் சுவிசேஷம் சொன்ன அசல் இங்கிலாந்துக்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இது விளையாட்டுக்கு. விஷயம் வேறு. இவர்கள் வருவதற்கு முன்பே இங்கே சபை இருந்தது. 1778-ல் தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து குளோரிந்தா அம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தஞ்சாவூர்ப் பிராமண விதவை. ஒரு ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர் என்பதால் தஞ்சாவூரில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்ததும் இதே ஸ்வார்ட்ஸ்தான். இரண்டு வருடம் கழித்து, 1780-ல், பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். 1785-ல் அந்த அம்மாள் முன்நின்று கட்டிய கோயில் பிரதிஷ்டை ஆனது. பாளையங்கோட்டையில் இன்றும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். கட்ட உதவிய எந்தத் துரையின் பெயரும் அதற்கு ஒட்டவில்லை.

அப்புறம் உங்கள் பக்கத்துக் கதை. சாத்தான்குளத்துக்கு அருகே காலன்குடியில் பிறந்த சின்னமுத்து என்ற இளைஞர் தஞ்சாவூருக்குப் போகிறார், கிறிஸ்தவராகிறார், தாவீது சுந்தரானந்தம் ஆகிறார், உபதேசியாராக, அதாவது ஊர்ச் சபையைக் கவனிக்கும் ஊழியராக, சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி வருகிறார். உறவுக்காரர்களிடம்தான் முதலில் பேசினார். அடியும் வசவும் வந்தன, கிறிஸ்தவர்களின் வீடுகள் அழிக்கப்பட்டன. எவரெட் என்ற கம்பெனிப் படை கேப்டன் பண உதவி செய்ய, தேரிக்காட்டுப் பக்கம் நிலம் வாங்கிச் சில குடும்பங்களைக் குடியேற்றினார்கள். அதுதான் முதலூர். ஆண்டு 1799. மஸ்கோத் அல்வா மட்டும் தெரிந்தவர்களுக்கு இது தெரிவதில்லை.

அதே 1799-ல்தான் லண்டனில் சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கமே ஆரம்பித்தது. அவர்கள் அனுப்பிய ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது 1820-ல். அதற்குள் முதலூரில் பிறந்த பிள்ளைகளுக்கே கல்யாணப் பேச்சு நடந்திருக்கும். தாவீது 1806-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு.

பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடத்தை உபதேசியார்களுக்குக் கொடுங்கள். மிஷனரி ஐயர் மாதம் ஒருமுறையோ வருடத்துக்குச் சில முறையோ குதிரையில் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் ஊரில் இருந்தது உபதேசியார். விடிவதற்கு முன் மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, ஓலைக் கூரைப் பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பது, பனை பங்குத் தகராறைத் தீர்த்துவைப்பது, காலராவில் செத்தவரை அடக்கம் பண்ணுவது எல்லாம் அவர் பாடு. மாதக் கூட்டத்துக்குச் செம்மண் தேரியில் கால் புதையப் புதைய நடந்து பாளையங்கோட்டைக்குப் போய் அறிக்கை வாசிக்க வேண்டும். சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும். இவர்களில் பெரும்பாலோருக்குக் கல்வெட்டு கிடையாது. மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரம் இருக்கிறது, அழகுதான். அதன் நிழல் விழுகிற ஊர்களில் நடந்து திரிந்தவர் யார் என்று கேட்டால் நமக்கே பெயர் வருவதில்லை.

ரேனியஸ் மாட்டிக்கொண்டதும் இந்த உபதேசியார்கள் விஷயத்தில்தான். வேலை செய்கிறவர்களுக்குக் குருப்பட்டம் வேண்டும் என்றார். ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துச் சபை முறைப்படி பேராயர்தான் கை வைக்க வேண்டும் என்றது சி.எம்.எஸ். சங்கம். லுத்தரன் முறையில் நாங்களே அபிஷேகம் பண்ணலாமே என்றார் இவர். இங்கிலாந்துச் சபையின் சட்டதிட்டங்களை விமர்சித்து வேறு எழுதிவிட்டார். 1835-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். இங்கே சபைகள் சும்மா இருக்கவில்லை. ஒரு பகுதி அவரைத் திரும்பக் கூப்பிட்டது, அவரும் வந்தார், சபை இரண்டுபட்டது. 1838-ல் அவர் இறந்த பிறகுதான் ஒன்றுசேர்ந்தது. லண்டன் போட்ட உத்தரவை ஏற்பதா வேண்டாமா என்று பனையேறிக் குடும்பங்கள் கூடிப் பேசி முடிவெடுத்த காலம் அது. இன்று கான்டர்பரி தலைமைப் பேராயர் சொன்னால் கேட்க வேண்டுமா என்று ஆப்பிரிக்கப் பேராயர்கள் ருவாண்டாவின் கிகாலியில் கூடிப் பேசும்போது எனக்கு ஆச்சரியமே வருவதில்லை. உலக ஆங்கிலிக்கன் சண்டைக்கு நாம் மூத்தவர்கள்.

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். கோபப்படாதீர்கள். அவர் சொல்வதில் கால்பங்கு உண்மை. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தார்கள். கஞ்சி ஊற்றிய இடத்துக்கு வந்தார்கள். பஞ்சம் தீர்ந்ததும் திரும்பிப் போனவர்கள் உண்டு, தங்கினவர்களும் உண்டு. அதற்கு முன்னாலும் கூலியில்லா வேலையிலிருந்து தப்ப, பண்ணையார் கெடுபிடிக்கு எதிராக ஒரு துணை தேட, பிள்ளை படிக்க என்று வந்தவர்கள் ஏராளம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பசித்தவன் சோறு போட்டவனோடு உட்காருவான். உட்கார்ந்த பிறகு வீடு எரிந்தும் எழுந்து போகாமல் இருந்தானே, அதற்குப் பால் பவுடர் போதுமா என்று அவரிடம் கேளுங்கள்.

ஆனால் அவர் கால்டுவெல்லின் 1849-ஆம் வருடப் புத்தகத்தை எடுத்தால் சப்பைக்கட்டு கட்டாதீர்கள். நாடார்களைப் பற்றி அவர் எழுதியது நம்மவர்களைப் புண்படுத்தியது, அவர்கள் விடாமல் எதிர்த்தார்கள், கடைசியில் அவர் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒப்பிலக்கணம் எழுதிய பெரிய மனிதர்தான், இடையன்குடியில் ஐம்பது வருடம் உழைத்தவர்தான். இதுவும் அவர் கணக்கில் உண்டு. நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை, துரைமார் வேண்டாம், கிறிஸ்து போதும் என்று தனியாக இந்து கிறிஸ்தவ சபையே தொடங்கிவிட்டார். வெள்ளைக்காரன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய கூட்டம் என்று நம்மைச் சொல்கிறவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.

அசரியாவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் பேசுங்கள். அதை அரிசியிலிருந்து ஆரம்பியுங்கள்.

எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே மாடத்தில் மூடியில்லாத ஒரு பழைய டின் இருக்கும். உலையில் போட அரிசி அளந்ததும் ஆச்சி அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டின்னில் போடுவாள். அரைப்படி அரிசிக்கே திண்டாடுகிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. என் அம்மா ஒருநாள், “பிள்ளைக்கே பத்தலையே அத்தை” என்று சொல்லிவிட்டாள். ஆச்சி பதிலே சொல்லாமல் தன் தட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டாள். சனிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஓலைப்பெட்டியோடு வந்து வாங்கிப் போவார். எல்லா வீட்டுப் பிடி அரிசியும், பச்சரிசி, புழுங்கல், குருணை என்று கலந்து கிடக்கும். கோயிலில் அதை ஏலம் விடுவார்கள். பணம் ஐ.எம்.எஸ்.க்குப் போகும். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் இன்னும் வேடிக்கை. கடையில் வாங்கினால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற ஒற்றைக் கருப்பட்டியை, இரண்டு குடும்பங்கள் வீம்புக்கு ஏற்றி ஏற்றி, ஒரு ஆட்டுக்குட்டி விலைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். வீம்புதான். ஆனால் ரசீது மிஷன் பெயரில்.

அந்த ஐ.எம்.எஸ்., அதாவது இந்திய மிஷனரி சங்கம், 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கியது. அதற்கு முன்நின்ற அசரியா வெள்ளாளன்விளைக்காரர், கிராமத்து ஐயர் மகன். முந்தின வருடம் யாழ்ப்பாணம் போயிருந்தபோது அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் மிஷனரி அனுப்புவதைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலிக்கு இது ஏன் தோன்றவில்லை என்று உறுத்தலோடு வந்தார். ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகம் நம் நிர்வாகம் என்பது சங்கத்தின் விதி. நிஜாம் சீமையில் தோர்ணக்கல் பக்கம் தெலுங்கு பேசும் மக்களிடம் ஆள் அனுப்பினார்கள். தெலுங்கு தெரியாத தேரிக்காட்டுக்காரர்கள் போய் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். 1909-ல் அசரியாவே குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போவார். அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்கள். ஞானஸ்நானம் பெற்றவர் தன் தலையிலே கையை வைத்துக்கொண்டு, “நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ” என்று சொல்ல வேண்டும் என்று பழக்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர், நேற்று வரை ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர், இன்று இன்னொருவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஏறத்தாழ 1,200 பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆசியர்கள் 20 பேர்கூட இல்லை. அங்கே இவர் எழுந்து மிஷனரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். பலருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1912 டிசம்பர் 29-ல், கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் அபிஷேகம். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அதையும் மிஷனரிகள் பலர் எதிர்த்தார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இங்கிலாந்துக்கு நாம் மிஷனரி அனுப்ப வேண்டுமா? கடனைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி என்றால் வேண்டாம். அவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1988 லாம்பெத் மாநாடு, அதாவது உலக ஆங்கிலிக்கன் பேராயர்களின் கூட்டம், 1990-களைச் சுவிசேஷப் பத்தாண்டு என்று அறிவித்தது. அந்தப் பத்தாண்டு முடிகிறபோது இங்கிலாந்தில் கோயிலுக்கு வருகிறவர்கள் இன்னும் குறைந்திருந்தார்கள். உலக ஆங்கிலிக்கன் ஆலோசனைக் குழு 1984-ல் மிஷனுக்கு நான்கு அடையாளங்கள் வகுத்தது, 1990-ல் ஐந்தாவதாகப் படைப்பைக் காப்பதையும் சேர்த்தது. சுவிசேஷம் சொல்வது, விசுவாசிகளை வளர்ப்பது, தேவையில் உதவுவது, அநீதியை மாற்றுவது, படைப்பைக் காப்பது. கமிட்டி எழுத்துதான், ஆனாலும் தப்பில்லை. தாமிரபரணியில் மணல் போனபோது நம் சபைகளில் எத்தனை பிரசங்க மேடை அதைப் பேசியது என்று யோசித்தால் ஐந்தாவதை நாமே இன்னும் படிக்க ஆரம்பிக்கவில்லை. நம்மூர்ச் சபைத் தேர்தலில் செலவாகிற பணத்துக்கு எத்தனை உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்பது தனிக் கணக்கு, அதை இங்கே போட்டால் அடுத்த வாரம் கடிதம் குவியும்.

சுவிசேஷம் சொல்வது தப்பா என்று உங்கள் குழுவில் கேட்பார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தன்னிடம் உள்ள நல்ல செய்தியைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவே அதைச் சொல்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் மயக்கம் தெளியாதவர் தலையணைக்கடியில் கைப்பிரதியைச் செருகுவது, அடுத்தவர் சாமியைப் பேய் என்று மைக்கில் கத்துவது, இதெல்லாம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கண்ணெதிரே செய்தவர்களைத் தடுத்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

உங்களை யாரும் அனுப்ப வேண்டியதில்லை, ஏற்கெனவே போய்விட்டீர்கள். அந்த முப்பது பேரில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற பாட்டிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு ஞாயிறு மத்தியானம் நான்கு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொதியும் இஞ்சித் துவையலும் வையுங்கள். காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எடின்பரோவில் அசரியா கேட்டது இதைத்தான்.

ஒரு திருத்தம். அசரியா சி.எஸ்.ஐ.யின் முதல் பேராயர் அல்ல. சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து உழைத்தவர் அவர். ஆனால் 1945 ஜனவரி 1 அன்று இறந்துவிட்டார். சி.எஸ்.ஐ. உருவானது 1947 செப்டம்பர் 27-ல். அதன் பிறகும் வெகுகாலம் லாம்பெத் நம்மை முழுச் சொந்தமாக ஏற்கத் தயங்கிக்கொண்டிருந்தது. மேடையில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், வயதான ஆங்கிலிக்கர்கள் தேதி விஷயத்தில் கறாரானவர்கள், டீ குடிக்கும்போது பிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி