பைபர் படகா, அலுமினியப் படகா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

படகு கட்டுவது, வாங்குவது, பழுது பார்ப்பது பற்றி வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை விட்டுவிட்டோம்.

எங்கள் ஊரில் துறைமுகம் இல்லை. அலையைத் தாண்டி வந்து மணலில் ஏற்றி, டிராக்டர் வைத்து இழுக்கிறோம். 28 அடி பைபர் படகு அடி தேய்ந்துவிட்டது. அடுத்ததை அலுமினியத்தில் கட்டினால் இலேசாக இருக்கும், துருவும் பிடிக்காது என்கிறார்கள். கட்டலாமா?
*மீனவர், கடலூர் மாவட்டம்*

வேண்டாம். உங்கள் கரைக்கு பைபர்தான், அதாவது கண்ணாடி நாரை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்துக் கட்டும் படகுதான் சரி.

முதலில் எடைக் கணக்கைப் பாருங்கள். 8 மி.மீ. தடிப்புள்ள பைபர் அடித்தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ வரும். 4 மி.மீ. அலுமினியத் தகடு அதே பரப்புக்கு 10.6 கிலோ. அந்தத் தகடு நெளியாமல் நிற்க உள்ளே நெருக்கமாக, விலா எலும்பு போன்ற வங்குகளும் நீளக் கட்டைகளும் வைத்தாக வேண்டும். அவற்றின் எடையையும் சேர்த்தால் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை. 3 மி.மீ. தகட்டில் கட்டினால் இலேசாக இருக்கும். ஆனால் அந்தப் படகு உங்கள் அலையடிக்குத் தாங்காது.

அலை உடையும் இடத்தில் படகு மணலில் மோதும்போது விழும் அடி முழுவதும், அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் ஏராவின் மேல் ஓரிரு அடி நீளத்தில் இறங்குகிறது. பைபர் கொஞ்சம் வளைந்து நிமிரும். வெல்டிங் செய்த அலுமினியத்தில் அந்த அடி வெல்டிங் கோட்டின் ஓரத்தில் போய்ச் சேரும். வெல்டிங் சூட்டில் அந்த ஓரத்து உலோகம் ஏற்கெனவே பலம் குறைந்து இளகியிருக்கும். ஒரே அடியில் உடையாது. தினமும் இரண்டு முறை, வருடக்கணக்கில் வாங்கும் அடியில் மயிரிழை விரிசல் ஆரம்பித்து வளரும்.

விரிசல் விட்டால் எங்கே சரி செய்வீர்கள்? அலுமினிய வெல்டிங்குக்கு ஆர்கான் வாயு, அதற்கான மெஷின், 5356 அல்லது 5183 வகைக் கம்பி, இதில் கை பழகிய ஆள் எல்லாம் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படிந்த ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அதனால் எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்து ஆக்சைடை எடுத்த உடனே பற்றவைக்க வேண்டும். உப்பும் ஈரமும் மிச்சம் இருந்தால் வெல்டிங்குக்குள் குமிழ் விழும். கடற்காற்று அடித்தால் ஆர்கான் பறந்துபோய் இணைப்பு கெடும். திறந்த கடற்கரையில் இது நடக்கிற காரியம் இல்லை. பைபருக்கு ரெசினும் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) இருந்தால் போதும், உங்கள் ஊரிலேயே செய்ய ஆள் இருக்கிறார்.

புதுப் படகு கட்டச் சொல்லும்போது இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். ஒன்று, ஏராவின் அடியில் தேய்மானத்துக்கென்றே 6 மி.மீ. கூடுதல் தடிப்பு வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை தேய்ந்த அளவுக்கு அதன் மேல் மேட் ஏற்றிக்கொள்ளலாம். இரும்புப் பட்டை வைத்து போல்ட் அடிப்பதைத் தவிருங்கள். ஒவ்வொரு போல்ட் துளையும் தண்ணீர் உள்ளே இறங்கும் வழி. இரண்டு, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சும் அதை ஒட்டிய முதல் இரண்டு மேட்டும் ஐசோ ரெசினில் இருக்கட்டும். சாதா ரெசினைவிட அது தண்ணீரை நன்றாகத் தடுக்கும், கொப்புளம் வருவது குறையும்.

இன்னொரு சோதனையும் உண்டு. படகில் துளை வெட்டும்போது விழும் துண்டைக் கேட்டு வாங்கி எடை போடுங்கள். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, அதைத் தகரத்தில் வைத்து ரெசின் முழுக்க எரியும்வரை சுடுங்கள். மிஞ்சுவது கண்ணாடி நார். மேட்டும் ரோவிங்கும் (நெய்த நார்த் துணி) மாற்றி மாற்றிப் போட்ட படகென்றால் அது மொத்த எடையில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும். 25க்குக் கீழே வந்தால் ரெசினை அள்ளிக் கொட்டி நாரைக் குறைத்திருக்கிறார்கள், சீக்கிரம் வெடிக்கும். நாரை உதறும்போது வெள்ளைப் பொடி கொட்டினால் ரெசினில் சுண்ணாம்புப் பொடி கலந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டித் தந்த படகுகளில் பல சீக்கிரமே விரிசல் விட்டதை நம் கரை பார்த்தது. அந்தக் குற்றம் பைபருடையது அல்ல, கட்டியவர்களுடையது.

மேட்டூர் அணையில் மீன் பிடிக்கிறோம். தண்ணீர் வடியும்போது பாறையும் பட்டுப்போன மரக்கட்டையும் மேலே வந்துவிடும். பரிசலை விட்டுவிட்டு 14 அடிப் படகுக்கு மாற நினைக்கிறோம். எது நல்லது?
*மீனவர் குழு, சேலம் மாவட்டம்*

உங்களுக்கு அலுமினியத்தைத் தயங்காமல் சொல்வோம். பாறை முனையில் இடித்தால் பைபரில் மேல்பூச்சு உடைந்து நார் தெரியும், அந்த வழியாகத் தண்ணீர் ஊறும். அலுமினியம் நசுங்கும், ஆனால் பெரும்பாலும் ஒழுகாது. நன்னீரில் அரிப்புத் தொல்லையும் கடலில் இருப்பதில் சிறு பங்குதான். மாலையில் சிலர் சேர்ந்து கரையில் தூக்கி வைத்துவிடலாம்.

5052 அல்லது 5083 எண்ணுள்ள தகடுதான் வேண்டும் என்று கேளுங்கள். 14 அடிக்கு அடித்தளம் 3 மி.மீ. இருக்கட்டும். கூரைக்குப் போடும் தகட்டில் மலிவாகக் கட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரிவெட் அடித்த படகைவிட வெல்டிங் செய்தது மேல். ரிவெட் நாளாக நாளாகத் தளர்ந்து கசியும். உள்பக்கம் துருத்தி நிற்கும் ரிவெட் தலையில் வலைக் கண்ணும் மாட்டிக் கிழியும். கட்டி வந்த படகின் விளிம்பு, கொக்கி, பெஞ்சு ஓரம் எல்லாவற்றிலும் பழைய நைலான் வலைத் துண்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மாட்டும் இடத்தையெல்லாம் அரத்தால் ராவச் சொல்லுங்கள்.

மிதப்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. உள்ளே தண்ணீர் நிரம்பினால் அலுமினியம் மூழ்கும். பைபரும் அப்படித்தான், மிதப்புப் பெட்டி இல்லாவிட்டால் மூழ்கும். 120 கிலோ எடையுள்ள அலுமினிய உடல் தண்ணீருக்குள் சுமார் 75 கிலோ எடை காட்டும். 40 கிலோ எஞ்சின் இருந்தால் அதற்கு 35 கிலோ சேருங்கள். பேட்டரியும் சாமானும் ஏற்றி, ஆட்கள் படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கவும் இடம் விட்டால், குறைந்தது 200 லிட்டர் அளவுக்கு நீர் உறிஞ்சாத போம் வேண்டும். ஒரு லிட்டர் போம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கும். அதைப் பெஞ்சுகளுக்கு அடியிலும் இரு பக்கவாட்டிலும் பிரித்து வையுங்கள். எல்லாவற்றையும் அடியில் வைத்தால் தண்ணீர் நிரம்பிய படகு கவிழ்ந்துகொள்ளும். தெர்மோகோல் வேண்டாம். பெட்ரோல் பட்டால் கரையும், நாளடைவில் தண்ணீரும் குடிக்கும்.

பழைய பைபர் படகு ஒன்று விலைக்கு வருகிறது. பெயின்ட் புதிதாக அடித்திருக்கிறார்கள். என்ன பார்த்து வாங்குவது?
*வாசகர், ராமநாதபுரம்*

புது பெயின்ட்தான் முதல் எச்சரிக்கை. ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அடித்தளம் முழுவதும் ஓர் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடமும் ஈரம் ஏறிய இடமும் சொத்தென்று மந்தமாகக் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஏராவின் இருபுறமும் அணியத்தின் (படகின் முன்பகுதி) அடியிலும் வட்டங்கள் கூட்டமாக விழுந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

எஞ்சின் மாட்டும் பின்பலகையில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கும். பைபருக்குள் பிளைவுட்டோ மரமோ வைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மக்கிவிடும். எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் பலமாக அசைத்துப் பாருங்கள். பலகை கண்ணுக்குத் தெரிய வளைந்தால் மரம் போய்விட்டது. இன்னும் சந்தேகம் இருந்தால், சொந்தக்காரர் சம்மதத்தோடு உள்பக்கம் கீழே 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். துரப்பணத்தில் காய்ந்த வெளிர்நிறத் தூள் வந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, மண் வாடையோடு வந்தால் பலகையையே மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் அந்தத் துளையை அப்போதே எபாக்சியால் அடைத்துவிடுங்கள்.

சிலந்திவலை மாதிரியான மெல்லிய கோடுகள் பெரும்பாலும் மேல்பூச்சோடு நிற்பவை. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல் விரிந்தால் அங்கே அடி விழுந்திருக்கிறது. அதே இடத்தை உள்பக்கமும் பாருங்கள்.

அணியத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். போன வருடம் மேலே மேட் ஒட்டினோம், ஆறு மாதத்தில் உரிந்துவிட்டது. ஏன்?
*மீனவர், நாகப்பட்டினம்*

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: உப்பு, ஈரம், சரிவாகத் தேய்க்காமல் விட்டது. தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான காய்ந்த நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் வேண்டாம்.

நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் சில நாள் காயவிடுங்கள். பிறகு 40 நம்பர் உப்புத்தாளோ கிரைண்டரோ வைத்து, விரிசலின் இருபுறமும் தடிப்பைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேயுங்கள். 6 மி.மீ. தடிப்பென்றால் ஒவ்வொரு பக்கமும் 7 செ.மீ. வரும். பெயின்ட்டும் ஜெல்கோட்டும் போய் நார் மங்கலாகத் தெரிய வேண்டும். பளபளப்பு மிச்சம் இருக்கும் இடத்தில் ஒட்டாது. முதல் மேட் துண்டு சிறியது, அடுத்தடுத்தது பெரியது என்று வெட்டிக்கொள்ளுங்கள். 450 கிராம் மேட் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிப்பு தரும். மேட்டின் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின் எடுக்கும், ரோவிங்குக்குச் சம எடை போதும்.

ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி. வெயில் அதிகமானால் 10 பக்கம் வாருங்கள். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலந்தால் வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் 15 நிமிடம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரே மூச்சில் நான்கு அடுக்குக்கு மேல் ஏற்றாதீர்கள், உள்சூட்டில் ரெசின் வெடிப்பு விடும். ஒவ்வொரு அடுக்கிலும் ரோலரால் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் ரெசின் ஊறவில்லை என்று அர்த்தம். கைக்குக் கெட்டியாகிவிட்டது என்று மறுநாளே கடலில் இறக்கிவிடாமல், ஒரு வாரம் வெயில் காட்டுங்கள்.

அலுமினியப் படகு வாங்கிவிட்டேன். அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்க மற்ற படகுக்காரர்கள் அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட் அடிக்கலாமா?
*வாசகர், தூத்துக்குடி*

அடிக்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும். செம்புக் கலப்பில்லாத, அலுமினியத்துக்கென்றே விற்கும் பெயின்ட் வாங்குங்கள். பித்தளை வால்வு, பித்தளை ஆணி எதையும் உடலில் பொருத்தாதீர்கள். எவர்சில்வர் போல்ட் தவிர்க்க முடியாது, நைலான் வாஷர் வைத்து, சீலன்ட் தடவி முடுக்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைப் படகு உடலோடு சேர்க்காதீர்கள், கசியும் மின்சாரம் சில வாரங்களிலேயே தகட்டில் குழி விழவைக்கும். தண்ணீருக்கு அடியில், படகுக்குப் பதில் தான் கரையும் துத்தநாக அல்லது அலுமினிய அனோடு மாட்டி, பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அனோடுக்கு மேல் பெயின்ட் அடித்துவிட்டால் அது வேலை செய்யாது. ஈரக் கயிறும் கோணியும் படகுக்குள் ஒரே இடத்தில் கிடந்தாலும் அதன் அடியில் அரிக்கும்.

பழசானால் எதற்கு விலை கிடைக்கும்?
*வாசகி, கன்னியாகுமரி*

அலுமினியம் எடைக்கு எடை பழைய உலோகமாக விலை போகும். பைபரை உருக்க முடியாது. கழித்துப்போட்ட பைபர் படகுகள் கரையோரம் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை எரிப்பதும் வேண்டாம், அந்தப் புகை கேடு. பைபர் படகை விற்கும்போது எஞ்சினைத் தனியாகக் கழற்றி விலை பேசுங்கள். படகைக் கைமாற்றும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவைப் பெயர் மாற்றிவிடுங்கள்.