33 உடுப்புகளும் கொடிக்கயிறும்

கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பையர் அனுப்பும் டிசைனுக்குச் சாம்பிள் தைத்து அனுப்புவதிலிருந்து சரக்கு கன்டெய்னரில் ஏறும் வரை என் பொறுப்பு. ஓர் ஆர்டர் என்றால் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் பீஸ். இதில் ஒன்றுகூட யாருக்கும் அவசியமில்லையோ என்று சில நாட்கள் தோன்றும். போன வாரம்கூட ஒரு பையர், விலை கட்டவில்லை என்று 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) துணியை 150-க்குக் குறைக்கச் சொன்னார். குறைத்துச் சாம்பிள் அனுப்பினேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பீரோவைத் திறந்தபோது துணி மொத்தமும் சரிந்து காலில் விழுந்தது. அன்றைக்கு முடிவெடுத்தேன். மூன்று மாதத்துக்கு 33 உருப்படிகள் மட்டும் என்ற அமெரிக்கச் சவாலைப் பற்றிப் படித்திருந்தேன். சுடிதார், புடவை, ரவிக்கை, செருப்பு, கைப்பை எல்லாம் சேர்த்து 33 எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை அட்டைப்பெட்டிகளில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். காந்தி நம் மதுரையில்தானே அரைமுழத் துணிக்கு மாறினார் என்பது பெரிய தெம்பாக இருந்தது.

முதல் மாதம் சுகமாகப் போனது. இப்போது சிக்கல்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமியார், "ஊருக்கெல்லாம் துணி அனுப்புகிறாள், அவளுக்கு உடுத்தத்தான் இல்லை" என்கிறார். நாத்தனார் தீபாவளிக்கு இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார். கம்பெனியில் ஒருவர், "எல்லோரும் உங்களைப்போல இருந்தால் திருப்பூரை மூட வேண்டியதுதான்" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் தெரியவில்லை. நான் செய்வது வேஷமா அக்கா?

பெயர் வெளியிட வேண்டாம்,
திருப்பூர்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வேஷம் இல்லை. வேஷமாக இருந்தால் மாமியார் சொன்னதை மறைத்துவிட்டுக் காலி பீரோவைப் படம் எடுத்து அனுப்பியிருப்பீர்கள்.

முதலில் அந்த 33-ஐக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். கோர்ட்னி கார்வர் என்ற அமெரிக்கப் பெண் 2010-ல் தொடங்கிவைத்த சவால் அது. உடை, செருப்பு, நகை, பை எல்லாம் கணக்கில் வரும். உள்ளாடை, தூங்கும்போது உடுத்துவது, வீட்டுக்குள் உடுத்துவது, உடற்பயிற்சிக்கு உடுத்துவது, கழற்றாத கல்யாண மோதிரம் ஆகியவை வராது. அங்கே ஒரு கவுன் என்றால் ஒன்று. நம் சுடிதார் மேலே, கீழே, துப்பட்டா என்று மூன்று. புடவைக்கு ரவிக்கை சேர்ந்தால் இரண்டு. செருப்பும் பையும் போக உங்களிடம் பத்து நாள் உடை தேறினால் அதிகம். இன்னொரு பக்கம், வீட்டு உடைக்கு விலக்கு என்பதால் நைட்டி முழுவதும் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறது. பால் வாங்க, தெருமுனைக் கடைக்குப் போக, பக்கத்து வீட்டில் அரைமணி நேரம் நின்று பேச என்று தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நைட்டியிலேயே நாளைக் கழிக்கும் தமிழ்ப் பெண்களை அந்த விதி கண்டதில்லை. வேறு ஊர் பீரோவுக்கு அளவெடுத்த எண் அது. அதனிடம் இவ்வளவு விசுவாசம் வேண்டாம்.

ஆனால் எண்ணைவிடப் பெரிய ஒன்று உங்கள் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறது. இந்த 33-ஐ யார் துவைக்கிறார்கள்?

கேரளத்தில் வளர்ந்த ஷீனா மத்தைக்கன் என்ற பெண், 2009 மே மாதம் நியூயார்க்கில், ஓராண்டு முழுவதும் ஒரே கருப்பு உடையில் வருவதாக அறிவித்து அப்படியே வந்தார். இந்தியாவில் ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு ஆகாங்க்ஷா அறக்கட்டளை வழியாகப் பணம் திரட்டுவது நோக்கம். ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. தினமும் அந்தக் கருப்பின் மேல் எதையாவது சேர்த்து, கட்டி, மாட்டி வேறு உடைபோல ஆக்கிவிடுவார். எனக்குப் பிடித்த விவரம் வேறு. ஒரே உடை என்று பெயரே தவிர, அதே அச்சில் ஏழு தைத்து வைத்திருந்தார், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. அதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சலவையை மறக்காத ஆள் என்பேன்.

ஒரு வீட்டில் எத்தனை உடுப்பு இருக்க வேண்டும் என்பதை மனக்கட்டுப்பாட்டுக்கு முன்னால் சலவை தீர்மானித்துவிடுகிறது. முன்பெல்லாம் துணியை வெளுக்க எடுத்துப்போகிறவர் வாரம் ஒருமுறை வந்தால் ஒரு வாரத் துணி இருந்தாக வேண்டும். உவர்மண் போட்டு ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, ஆற்றங்கரையில் அடித்துத் துவைத்து உலர்த்தி மடித்துக் கொண்டுவர அவருக்கு அவ்வளவு நாளாகும். அந்த உழைப்புக்குப் பல ஊர்களில் அறுவடையின்போது அளந்து போடும் நெல்தான் கூலியாக இருந்தது. இரண்டே உருப்படி வைத்திருந்தவர்கள் அவருக்குப் போட வழியில்லாமல், ஒன்றைத் தாங்களே கிணற்றடியில் அலசிப் போட்டுவிட்டு, அது காயும் வரை மற்றதோடு இருந்தார்கள். கார்த்திகை மழையில் காயாதபோது ஈரத்தையே உடுத்தினார்கள். துணி குறைவு என்றால் வேலை அதிகம். எளிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை, அவர்களில் பெரும்பாலோர் துவைத்ததில்லை என்பதால்.

எழுபதுகளில் வேலைக்குப் போன பெண்களுக்கு நைலக்ஸ் என்ற நைலான் புடவை அவ்வளவு பிடித்துப்போனதும் இதனால்தான். என் அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளிக்கென்று இருந்த நாலைந்து புடவைகளில் நைலக்ஸ்தான் மழைக்காலம் முழுவதையும் தாங்கும். இரவில் அலசி உதறிப் போட்டால் காலையில் உடுத்திக்கொள்ளலாம், இஸ்திரி வேண்டாம். சித்திரை வெயிலில் உடம்போடு ஒட்டி உயிரை வாங்கும். அடுப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்று பயம் வேறு. பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பருத்தியைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்ய வீட்டில் வேறு ஆள் இருந்தது.

நீங்கள் காலையில் கம்பெனிக்குக் கிளம்பினால் ஷிப்மென்ட் நாட்களில் திரும்ப இரவாகிவிடும் என்று நினைக்கிறேன். முன்பு வாரத்தில் இரண்டு நாள் ஓடிய வாஷிங் மெஷின் இப்போது தினமும் ஓடுகிறதா? நாலு மணிக்கு வானம் இருட்டினால் மாடிக்கு ஓடிக் கொடியிலிருந்து துணியை உருவி எடுப்பது யார்? பாதி ஈரமாக இருப்பதை மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளில் விரித்துப்போடுவது யார்? மாமியார்தான் என்றால், அவர் வருகிறவர்களிடம் சொல்வதை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். குடும்ப கௌரவம் போகிறதே என்ற ஆற்றாமை அதில் இருக்கலாம். முழங்கால் வலியும் இருக்கலாம். மருமகள் எடுத்த விரதத்துக்குத் தான் பட்டினி கிடப்பதை வெளியே சொல்ல அவருக்கு வேறு வழி தெரிந்திராது.

அவரிடம் விளக்கம் சொல்ல வேண்டாம். இரண்டு வாரம் துவைத்துக் காயப்போட்டு மடிப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உள்ளூரில் இருக்கிறார் என்றால் கொடிக்கயிறு அவர் கைக்கும் எட்டும். அதற்குப் பிறகு உங்களுக்கு எத்தனை உடுப்பு தேவை என்று உங்கள் தோளே சொல்லும். அது 33 ஆக இருக்காது என்பது என் ஊகம்.

காந்தியைப் பற்றிச் சுருக்கமாக. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் அவர் அந்த முடிவுக்கு வந்தார். அன்னியத் துணியை விடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரயிலில் கூட வந்தவர்கள், கதர் வாங்க எங்களிடம் ஏது காசு என்று திருப்பிக் கேட்டார்கள். நாட்டில் போதிய கதரும் இல்லை. கேட்டவர்களுக்குத் தன் உடம்பால் சொன்ன பதில் அது. முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்று கெடு வைத்துத்தான் தொடங்கினார், பிறகு கடைசிவரை மாற்றவில்லை. சக ஊழியர்கள் தன்னைப்போலச் செய்ய வேண்டியதில்லை என்றும் சொன்னார். காந்தி மேல்துணியைக் கழற்றினால் அது தேசத்துக்குச் செய்தி. திருப்பூரில் ஒரு பெண் அதே சுடிதாரில் வாரம் இரண்டு முறை வந்தால், "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பார்கள். காந்தியிடம் தெம்பு வாங்கிக்கொள்ளுங்கள், அளவு வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இனி அந்தச் சக ஊழியர். திருப்பூர் மூடிக்கொள்ளும் என்றாரே, மூடுவதென்றால் என்ன என்பதை உங்கள் ஊர் பார்த்திருக்கிறது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்ததற்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 2020-ல் கொரோனா வந்ததும் வெளிநாட்டு பிராண்டுகள் கொடுத்த ஆர்டர்களை ரத்து செய்தன, தள்ளிப்போட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீதான வரியை 50 சதவீதமாக்கியதும் பல ஆர்டர்கள் நின்றன. மூன்று முறையும் அடிபட்டவர்களில் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைக்கிறவர்களும் உண்டு. மூன்றில் எதுவும் யாரோ ஒருத்தி பீரோவைக் குறைத்ததால் வரவில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள். அதே காரணத்தால், உங்கள் பீரோ குறைந்ததில் உலகத்துக்கு ஏதோ நன்மை நடந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். நடந்தது உங்களுக்கு, அது போதும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட வரி அந்த 180, 150 பற்றியது. 150 ஜிஎஸ்எம் என்பதாலேயே துணி மட்டமாகிவிடாது, கோடைக்கு அது நல்லதுதான். ஆனால் விலைக்காகக் குறைக்கிறவர்கள் எடையோடு நிறுத்துவதில்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நூல் இறங்கும், ஃபினிஷிங்கில் ஒரு கை குறையும். நாலு சலவையில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்து நிற்கும், கழுத்து ரிப் தொளதொளக்கும். ஒரு டீ-சர்ட் மூன்று வருடம் உழைப்பதா, மூன்றே மாதத்தில் தரை துடைக்கப் போவதா என்பதை வாங்குகிறவர் முடிவு செய்வதாக ஊரெல்லாம் பேச்சு. பெரும்பாலும் அது செலவுக் கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டிலேயே முடிந்துபோகிறது. அந்த ஷீட் உங்கள் மேஜையில் இருக்கிறது. பையரிடம் மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை, சரி. சாம்பிளோடு, ஐந்து சலவைக்குப் பிறகு அதே சாம்பிள் எவ்வளவு சுருங்கியது, எவ்வளவு முறுக்கியது என்ற அளவையும் சேர்த்து அனுப்ப முடியுமல்லவா? கேட்காமலே அனுப்புங்கள். பத்தில் ஒருவர் மனம் மாறினாலும் அது ஐம்பதாயிரம் பீஸ். உங்கள் 33-ஐ ஆயுள் முழுவதும் கடைப்பிடித்தாலும் அந்த எண்ணைத் தொட முடியாது.

பரணில் இருக்கும் பெட்டிகள். பௌத்தத் துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய நூலில் ஒரு கதை வருகிறது. கோசம்பி அரசன் உதயணனின் மனைவியர் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு சீவர ஆடைகளை, அதாவது துறவி உடைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். அரசனுக்குச் சந்தேகம், துறவிக்கு எதற்கு இத்தனை என்று நேரில் போய்க் கேட்கிறான். கிழிந்த சீவரம் உடுத்தியிருக்கும் துறவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். அவர்களுடைய பழையது? விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறை. அந்த உறை? தரையில் விரிப்பது. பிறகு கால்துடைப்பான், பிறகு தூசி தட்டும் துணி, கடைசியில் நறுக்கி மண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசுவது. நம் வீடுகளிலும் வேட்டி தூளியாகி, குழந்தைக்கு இடுப்புத் துணியாகி, அடுப்படியில் கரித்துணியாகி, திரியாக விளக்கில் போய் முடியும்.

பெட்டியைத் திறக்கும்போது அழகு, ராசி, ஞாபகம் எதையும் பார்க்காமல் இந்த வழியில் எது போகும் என்று பாருங்கள். பருத்தி எல்லாம் போகும். பாலியெஸ்டர் கலந்தது தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, கரித்துணிக்கும் ஆகாது, திரிக்கும் ஆகாது. உங்கள் ஊர் பனியன் வேஸ்ட் லேத் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் போகிறதே, அந்த மரியாதைகூட இதற்கு இல்லை. நல்ல நிலையில் இருப்பதை உடுத்தக்கூடியவர்களுக்கு, அவர்கள் கேட்டால், துவைத்து மடித்துக் கொடுங்கள். பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் இன்னும் தெருவில் வருகிறார் என்றால் பேரம் பேசாமல் போடுங்கள். எதற்கும் ஆகாததை நீங்களே உடுத்தித் தீர்ப்பது நியாயம். அதனால் சவால் கெட்டுப்போகும் என்றால் கெடட்டும்.

நாத்தனார் எடுத்த புடவையைத் தீபாவளிக்குக் கட்டாயம் உடுத்துங்கள். அவர் கடையில் நின்று உங்கள் நிறத்துக்குப் பொருந்துமா என்று பார்த்து எடுத்திருப்பார். அதைப் பெட்டியில் போட்டுக் கட்டி வைக்கும் அளவுக்கு ஒரு சவாலுக்கு உரிமை கிடையாது. அடுத்த வருடத்துக்கு வேண்டுமானால், வாயில் என்கிற மெல்லிய பருத்திப் புடவையாக எடுங்கள், தினமும் உடுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கேட்டு வாங்கியதை அடிக்கடி உடுத்தினால் எடுத்துக்கொடுத்தவருக்கும் சந்தோஷம்.

ஐப்பசி பிறக்கப்போகிறது. உங்கள் பக்கமும் அடைமழை பிடித்துக்கொள்ளும். பரணிலிருந்து சீக்கிரம் காயக்கூடிய இரண்டு சுடிதாரை இறக்கிக்கொள்ளுங்கள். 33 என்பது 39 ஆனால் குடி முழுகிவிடாது.

அன்புடன்,
அக்கா