கூண்டுக்குள் போக மறுக்கும் கோழிகள்

வணக்கம். மாலையில் கோழிகள் கூண்டுக்குள் போக மறுப்பதாகவும், கொண்டை வெளுத்திருப்பதாகவும், பகலில் இறகை விலக்கிப் பார்த்தும் பேன் தென்படவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இது பெரும்பாலும் செவ்வுண்ணியாகவே இருக்கும். பகலெல்லாம் மரக்கட்டையின் விரிசல்களில் ஒளிந்திருந்து, இருட்டிய பின்னரே கோழியின் மீதேறி இரத்தம் குடிப்பதால்தான் அது உங்கள் கண்ணில் படவில்லை. இன்றிரவு, கோழிகள் அமரும் கட்டையின் அடிப்புறத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். செந்நிறக் கறை படிந்தால் ஐயமே வேண்டாம். கோழிக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. கூண்டைக் காலி செய்து, கட்டைகளைக் கழற்றி, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றிக் காயவிட்டு, கால்நடை மருத்துவர் கூறும் மருந்தைத் தெளியுங்கள். வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடைய செவ்வுண்ணிக்கு 7 முதல் 10 நாட்களே போதுமாகையால், ஒரு வாரத்தில் மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கும். மிகவும் வெளுத்துச் சோர்ந்த கோழியை நாளையே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரத்தசோகையால் அது இறந்துபோகக்கூடும்.