அமெரிக்காவுல கணவர் டைவர்ஸ் போட்டுட்டார், கையெழுத்து போடலாமா?

கேள்வி: எங்களுக்கு ஸ்ரீரங்கத்துல இந்து முறைப்படி கல்யாணமாகி மூணு வருஷம் ஆகுது. கணவருக்கு நியூஜெர்சில ஐடி வேலை. டிபெண்டன்ட் விசால போய் இருந்தேன், ஒத்துவரல, இப்போ திருச்சில அம்மா வீட்ல இருக்கேன். அங்க கோர்ட்ல டைவர்ஸ் போட்டு பேப்பர் கூரியர்ல வந்திருக்கு, கையெழுத்து போட்டு அனுப்புன்னு கேக்குறார். 40 பவுன் நகை மாமியார்கிட்ட இருக்கு. எனக்கு என்ன கிடைக்கும் சார்?

பதில்: எதுலயும் கையெழுத்து போடாதீங்கம்மா, மத்ததெல்லாம் அப்புறம். 1991ல நரசிம்மராவ் - வெங்கடலட்சுமி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, இந்து திருமணச் சட்டத்துல இல்லாத காரணத்துக்கு வெளிநாட்டு கோர்ட் கொடுக்குற டைவர்ஸ் இங்க செல்லாது, "ஒத்துப்போகல"ங்கிறது அங்க போதும், நம்ம சட்டத்துல அது தனியா ஒரு காரணமே இல்ல. ஆனா நீங்களே சம்மதிச்சு கையெழுத்து போட்டுட்டா அதே தீர்ப்புப்படி இங்கயும் செல்லும், அவர் அவசரப்படுறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அதுக்காக பேப்பரை பீரோல வச்சு பூட்டிடாதீங்க. வெளிநாட்டு கோர்ட் சம்மனை நேரா கூரியர்ல அனுப்புறதை இந்தியா ஏத்துக்கல, டெல்லி சட்ட அமைச்சகம் வழியாதான் வரணும், அந்த ஆட்சேபணையையும் இந்த கேஸை விசாரிக்க அந்த கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லைங்கிறதையும் மட்டும் அங்க ஒரு வக்கீல் மூலமா பதிவு பண்ணுங்க, கேஸோட விஷயத்துக்குள்ள போய் வாதாட வேண்டாம். சும்மா விட்டா எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்க இல்லாமலே தீர்ப்பு ஆகி அவர் அங்க இன்னொரு கல்யாணம் பண்ணிப்பார், நீங்க இங்க அவர் மனைவியாவே இருப்பீங்க.

கேஸ் போட நீங்க எங்கயும் அலைய வேண்டாம், மனைவி குடியிருக்குற ஊர்லயே போடலாம்னு 2003லயே சட்டத்தை திருத்திட்டாங்க, திருச்சி குடும்ப நீதிமன்றமே போதும். சேர்ந்து வாழவோ டைவர்ஸோ எது கேட்டாலும் இந்து திருமணச் சட்டம் பிரிவு 24ல இடைக்கால ஜீவனாம்சம் கேளுங்க. 2020 ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்கு அப்புறம் ரெண்டு பேரும் சொத்து, வருமானக் கணக்கை அஃபிடவிட்டா கொடுத்தே ஆகணும், பணமும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு, அதனால தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசமும் உங்களுக்குத்தான் நஷ்டம். அவர் சம்பளத்தை குறைச்சு காட்டுவார்னு பயமா, அங்க ஜாயின்ட்டா டாக்ஸ் கட்டியிருந்தா அந்த ரிட்டர்ன்ல உங்க பேரும் இருக்கும், வரித்துறைகிட்ட நீங்களே காப்பி கேட்டு வாங்கலாம்.

கணவர் சொத்துல பாதி வரும்னு யாராவது சொல்லியிருப்பாங்க, இந்தியாவுல அப்படி சட்டம் இல்ல. நியூஜெர்சில கல்யாணத்துக்கு அப்புறம் சேர்த்ததை நியாயமா பிரிப்பாங்க, அங்க வீடு, ஷேர்னு பெருசா இருந்தா மட்டும் அந்த ஊர் வக்கீல்கிட்ட கணக்கு போட்டு பாருங்க, இல்லாட்டி அங்க ஃபீஸே அதை முழுங்கிடும்.

நகை முழுக்க உங்க ஸ்ரீதனம், அதாவது உங்களுக்கே சொந்தமான சொத்து, மாமியார் வெறும் காவல்தான். குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்ட்ரேட்கிட்ட திருப்பி கேக்கலாம், கடை பில், கல்யாண ஆல்பம், லாக்கர் விவரம் எடுத்து வைங்க. நாத்தனார், சித்தப்பான்னு எல்லாரையும் கேஸ்ல இழுக்காதீங்க, அதுல உங்க உண்மையான புகாரும் நீர்த்துப்போகும்.

செலவை நினைச்சு தயங்கினா, பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல எழுதி கொடுங்க, அந்த கூரியர் கவரை மட்டும் தூக்கி போட்றாதீங்க, தேதியோட அதுவும் ஒரு சாட்சி.